வால்வு சுருக்கம்: எக்கோவுக்கு அடுத்து எந்தப் படம்?

கோபியிலோ தாராபுரத்திலோ டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு, "இரைச்சல் கேக்குதுங்க, ஒரு எக்கோ எடுத்துருங்க" என்கிறார். எக்கோவில், அதாவது ஒலியலை வைத்து இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனில், இதய வால்வு சுருங்கியிருப்பதாக வருகிறது. ஃபைலை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனால் ஒருவர் சி.டி. ஸ்கேன் என்கிறார், ஒருவர் ஆஞ்சியோ என்கிறார், இன்னொருவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கணும் என்கிறார். மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். உங்கள் வீட்டு நோயாளிக்கு மூன்றுமே தேவைப்படாமலும் போகலாம். முதல் எக்கோ பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எது என்று தெரிந்தால், அடுத்த டெஸ்ட் எது என்பதும் தெரிந்துவிடும். கேள்வியே இல்லாவிட்டால் அடுத்த டெஸ்டும் வேண்டாம்.

இங்கே பெரும்பாலும் இரண்டு வால்வுகளைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று அயோர்டிக் வால்வு, அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல். வயதான பிறகு சுண்ணாம்பு படிந்தோ, பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு இருந்தோ சுருங்குவது. மற்றொன்று மைட்ரல் வால்வு. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் வடுவாக இருபது, முப்பது வயதுப் பெண்களிடம் இன்றும் பார்க்கிறோம். பல பேருக்குக் கர்ப்பம் தரித்த பிறகுதான் மூச்சு வாங்கி வெளியே தெரிகிறது.

படம் எடுக்கும் முன்

இரைச்சல் இருப்பதாக ஒரு டாக்டர் சொல்லியிருந்தால், மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் இருக்கும் டிரெட்மில் டெஸ்டில் எக்கோவுக்கு முன்னால் ஏறாதீர்கள். அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கி, அறிகுறியும் உள்ளவரை ஓடவிட்டால் மயங்கி விழலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பேக்கேஜில் எல்லாம் ஒரே காலையில் நடக்கும். எது முதலில் என்பது அன்று எந்த அறை காலி என்பதைப் பொறுத்தது. வரவேற்பிலேயே சொல்லிவிடுங்கள்: எக்கோ முதலில், டாக்டர் பார்த்த பிறகு டிரெட்மில்.

அடுத்தது அறிகுறி. "மூச்சு வாங்குதுங்களா அப்பாரு?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங் சாமி, வயசாச்சில்ல" என்றுதான் பதில் வரும். பொய்யில்லை. மூச்சு வாங்கும் வேலையை அவர் ஆறு மாதத்துக்கு முன்பே விட்டிருப்பார். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். போன வருஷம் சென்னிமலைப் படியில் எத்தனை இடத்தில் உட்கார்ந்தீர்கள், இந்த வருஷம்? தோப்புக்குத் தண்ணீர் திருப்ப இப்போது யார் போகிறார்கள்? படுக்கத் தலையணை ஒன்றா, இரண்டா? குனிந்து நிமிரும்போது கண் இருட்டுகிறதா? இந்தப் பதில்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி ஃபைலில் வையுங்கள். கடுமையான சுருக்கத்தோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்ற மூன்றில் ஒன்று சேர்ந்துவிட்டால் நோய் என்ன என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் சிகிச்சையைத் திட்டமிடுவதற்காக.

எக்ஸ்ரே, இ.சி.ஜி. இரண்டும் மலிவு, எடுத்துக்கொள்ளலாம். சுருக்கம் எவ்வளவு என்பதை இரண்டாலும் அளக்க முடியாது. இ.சி.ஜி. நார்மல் என்பதால் வால்வு நார்மல் ஆகிவிடாது.

எக்கோ: ஏறக்குறைய எல்லாமே இதில்தான்

தோட்டத்தில் ஓஸ் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு வேகம். எக்கோவின் டாப்ளர் அந்த வேகத்தைத்தான் அளக்கிறது. வேகத்தை வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்கினால் வால்வின் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 4×4×4, அதாவது 64 மி.மீ. மெர்க்குரி. இது உச்ச அளவு. துடிப்பு முழுவதற்குமான சராசரி இதைவிடக் குறைவாக இருக்கும்.

அயோர்டிக் சுருக்கத்துக்கு ரிப்போர்ட்டில் மூன்று எண்களைத் தேடுங்கள். உச்ச வேகம், சராசரி அழுத்த வித்தியாசம் (மீன் கிரேடியன்ட்), வால்வின் திறப்புப் பரப்பு. 4 மீட்டரும் அதற்கு மேலும், 40 மி.மீ.யும் அதற்கு மேலும், பரப்பு 1 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான சுருக்கம். வேகம் 3 முதல் 4, சராசரி 20 முதல் 40, பரப்பு 1 முதல் 1.5 என்றால் நடுத்தரம். அதற்கும் லேசானது வேகம் 2 முதல் 3 வரை. நல்ல வால்வின் பரப்பு 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும்.

மூன்று எண்ணும் ஒரே கட்சியில் நின்று, நோயாளி சொல்வதும் அதோடு ஒத்துப்போனால் நோயைக் கண்டுபிடிக்க வேறு படம் தேவையில்லை. "உறுதிப்படுத்த" என்று சொல்லி எடுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் இந்த இடத்தில் வீண் செலவு. சிக்கல் வருவது எண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது. வேகம் 3.4, சராசரி 28, பரப்பு 0.8 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் வேகம் நடுத்தரம் என்கிறது, பரப்பு கடுமை என்கிறது. நம் பக்கத்தில் மிக அதிகமாகத் தவறான முடிவுக்குப் போவது இந்த ரிப்போர்ட்தான். ஒரு டாக்டர் பரப்பைப் பார்த்து ஆபரேஷன் என்பார். மற்றவர் வேகத்தைப் பார்த்து ஒரு வருஷம் கழித்து வரச் சொல்வார்.

இப்படி வந்தால் முதல் சந்தேகம் அளந்த விதத்தின் மேல்தான் விழ வேண்டும். புதிய மெஷினைத் தேடி ஓடுவது அதற்குப் பிறகு.

பரப்பைக் கணக்கிட, வால்வுக்குச் சற்றுக் கீழே ரத்தம் வெளியேறும் பாதையின் விட்டத்தை அளக்கிறார்கள், ரிப்போர்ட்டில் எல்.வி.ஓ.டி. என்று இருக்கும். அந்த விட்டம் வர்க்கப்படுகிறது. அதனால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். விட்டம் 2.0 செ.மீ. என்றால் அந்தப் பாதையின் பரப்பு 3.14. அந்தப் பாதையின் வேகத் தொகை (ஒரு துடிப்பு முழுவதற்குமான வேகத்தின் கூட்டல்) 20, வால்வின் வேகத் தொகை 80 என்று வைத்துக்கொண்டால் திறப்பு 3.14×20÷80, அதாவது 0.79 சதுர செ.மீ. அதே ஆளுக்கு விட்டத்தை 2.2 என்று அளந்திருந்தால் 0.95. 1.8 என்று அளந்திருந்தால் 0.64. இரண்டு மில்லிமீட்டரில் ஒரு நோயாளி இவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகிறார். வேறு வேறு வருஷத்து ரிப்போர்ட்டுகளில் இந்த விட்டம் மாறியிருந்தால், மாறியது வால்வு அல்ல, அளவு. பெரியவர்களுக்கு அந்த விட்டம் வருஷா வருஷம் மாறாது. விட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் அதை விட்டுவிட்டு இரண்டு வேகங்களின் விகிதத்தை மட்டும் பார்க்கலாம்: 0.25-க்குக் கீழ் என்றால் கடுமை. மேலே சொன்ன உதாரணத்தில் 20÷80, சரியாக எல்லைக்கோட்டில்.

வேகத்தில் நடக்கும் பிழை வேறு மாதிரி. டாப்ளர் கற்றை ரத்தம் பாயும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். 30 டிகிரி சாய்ந்தால் 4.5 மீட்டர் வேகம் 3.9 என்று காட்டும். அழுத்த வித்தியாசத்தில் கால் பங்கு காணாமல் போகும். கடுமையான சுருக்கம் நடுத்தரம் என்று எழுதப்பட்டுவிடும். ஆக இந்தப் பிழை எப்போதும் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது. இதற்கு மருந்து, பல ஜன்னல்களில் பார்ப்பது. இடது மார்புக்குக் கீழே நுனியில் மட்டும் புரோப் வைத்து முடிக்காமல், நோயாளியை வலப்பக்கம் ஒருக்களிக்க வைத்து மார்பெலும்பின் வலது ஓரத்திலும், கழுத்துக்குழியிலும் பார்க்க வேண்டும். பென்சில் மாதிரி இருக்கும் சின்ன டாப்ளர் புரோப் இதற்கென்றே வருகிறது. மிக அதிக வேகம் வலது ஓரத்தில் கிடைப்பது சாதாரணம், முக்கியமாக வயதானவர்களுக்கு. ரிப்போர்ட்டில் எந்த ஜன்னலில் எடுத்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் முடிந்த எக்கோவில் இது நடந்திருக்க வாய்ப்பில்லை. வால்வு நோய்க்கு ஒழுங்காகப் பார்க்க இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். எக்கோவுக்கு வெறும் வயிறு வேண்டாம். கழற்றச் சுலபமான சட்டை போதும்.

கூட்டிக் காட்டும் பிழை ஒன்றும் உண்டு. மைட்ரல் வால்வு ஒழுகினால் அதன் பீய்ச்சலும் அதே திசையில், அதே மாதிரி வேகமாகவே வரும். அதைப் பிடித்து அயோர்டிக் என்று எழுதிவிடுவது நடக்கும். ஒழுகலின் அலை அகலமாக, சுருக்கத்தின் அலையைவிட முன்னாலேயே தொடங்கிப் பின்னால் முடியும் என்பதுதான் பிரித்தறியும் வழி.

அன்றைய உடல்நிலையும் எண்ணை மாற்றும். பிரஷர் 180/100 இருக்கும்போது எடுத்த எக்கோவில் அழுத்த வித்தியாசம் குறைவாகத் தெரியலாம். பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும். அதற்காகவே எக்கோ ரிப்போர்ட்டில் அன்றைய பி.பி.யும் நாடித்துடிப்பும் இருக்க வேண்டும். பல இடத்தில் இருக்காது. கேட்டு எழுதச் சொல்லுங்கள். ரத்தசோகை, காய்ச்சல், தைராய்டு மிகுதி, கர்ப்பம், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலா இவை ரத்த ஓட்டத்தைக் கூட்டும். அப்போது வேகம் 4-ஐத் தாண்டும், ஆனால் பரப்பு 1.2 என்று இருக்கும். அந்த ஆளுக்கு முதலில் வேண்டியது ஹீமோகுளோபின் டெஸ்ட். நாடி ஒழுங்கற்று ஓடினால் ஒரு துடிப்பை அளந்தால் போதாது, குறைந்தது ஐந்து துடிப்பின் சராசரி வேண்டும்.

இன்னொன்று, உடம்பின் அளவு. 150 செ.மீ. உயரம், 45 கிலோ எடையுள்ள நம் ஊர் அம்மிச்சிக்கு உடல் பரப்பு சுமார் 1.37 சதுர மீட்டர். அவர் வால்வின் திறப்பு 0.9 என்று வந்தால் உடனே கடுமை என்று சொல்லிவிடக் கூடாது. 0.9÷1.37 என்று வகுத்தால் 0.66. கடுமைக்கு எல்லை 0.6. அவருக்கு அது நடுத்தரமாகவே இருக்கலாம். உயரம், எடை கேட்காமல் எக்கோ எடுத்திருந்தால் இந்தக் கணக்கே போடப்பட்டிருக்காது. பெரிய தொப்பைக்காரர்களுக்கு இதே கணக்கு எதிர்ப்பக்கம் ஏமாற்றும் என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாம் சரிபார்த்த பின்னும் எண்கள் சண்டை போட்டால்தான் அடுத்த படம். அதற்கு முன், பரப்பு 1.0 என்பதும் சராசரி 40 என்பதும் ஒரே புள்ளியில் சந்திப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1.0 பரப்புள்ள பலருக்குச் சராசரி முப்பதுகளில்தான் நிற்கும். ஆகவே 0.95-உம் 34-உம் பெரிய முரண்பாடு அல்ல.

மோட்டார் சரியா, ஓஸ் சரியா

மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால், ஓஸை எவ்வளவு அமுக்கினாலும் தண்ணீர் சீறாது. இதயத் தசை பலவீனமாக இருந்தாலும் இதே கதைதான்: பரப்பு குறைவு, வேகமும் குறைவு. ரிப்போர்ட்டில் இ.எஃப். என்ற எண்ணைப் பாருங்கள்; இதய அறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பது அது. 50 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வழி ஒன்று, 50-உம் அதற்கு மேலும் என்றால் வழி வேறு. இரண்டிலுமே ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் கீழ் என்றால் ஓட்டம் குறைவு என்று பொருள்.

இ.எஃப். குறைந்திருந்தால் டோபுடமின் எக்கோ. இதயத்தைப் பலமாகத் துடிக்க வைக்கும் டோபுடமின் மருந்தைக் கை நரம்பில், எடை கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.5 அல்லது 5 மைக்ரோகிராமில் தொடங்கி, சில நிமிடத்துக்கு ஒரு படியாக 20 வரை மட்டும் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எக்கோ எடுப்பார்கள். ரத்தக்குழாய் அடைப்புக்குச் செய்யும் டோபுடமின் டெஸ்டில் 40 வரை போவார்கள். இங்கே அவ்வளவு தேவையில்லை, ஆபத்தும் கூட. ஓட்டம் கூடும்போது வேகம் 4-ஐயோ சராசரி 40-ஐயோ எட்டி, பரப்பு 1.0-க்குள்ளேயே நின்றால் வால்வு உண்மையிலேயே சுருங்கியிருக்கிறது. பரப்பு 1.0-ஐத் தாண்டித் திறந்துவிட்டால் குற்றவாளி தசை, வால்வு அல்ல. துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் 20 சதவீதம்கூடக் கூடவில்லை என்றால் டெஸ்ட் பதில் சொல்லவில்லை. அந்த நிலையில் சி.டி.க்குப் போக வேண்டும். இதயநோய் டாக்டர் பக்கத்தில் நிற்க, அவசர மருந்துகளும் ஷாக் கொடுக்கும் மெஷினும் உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஸ்கேன் சென்டரில் செய்கிற வேலை அல்ல இது.

இ.எஃப். நன்றாக இருந்தும் ஓட்டம் குறைவாக இருந்தால், அதாவது சின்ன, தடித்த இதயம் உள்ளவர்களுக்கு, டோபுடமின் பெரிதாக உதவாது. இவர்களுக்குத்தான் சி.டி. கால்சியம் ஸ்கோர், அதாவது வால்வில் படிந்த சுண்ணாம்பை எண்ணாகச் சொல்லும் ஸ்கேன். மருந்து ஏற்ற வேண்டாம், ஊசி வேண்டாம், சிறுநீரகத்தைப் பற்றிய கவலை இல்லை, கதிர்வீச்சும் குறைவு. இ.சி.ஜி.யோடு ஒத்திசைத்து, ஒரு மூச்சை அடக்கும் நேரத்தில் முடிந்துவிடும். சுண்ணாம்பின் அளவு ஆண்களுக்கு 2000-உம் அதற்கு மேலும், பெண்களுக்கு 1200-உம் அதற்கு மேலும் என்றால் கடுமையான சுருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆண்களுக்கு 3000, பெண்களுக்கு 1600 தாண்டினால் சந்தேகமே வேண்டாம் என்ற அளவுக்கு. ஆண்களுக்கு 1600-க்கும் பெண்களுக்கு 800-க்கும் கீழ் என்றால் கடுமையாக இருக்க வாய்ப்பில்லை. பெண்ணின் ரிப்போர்ட்டை ஆணின் எல்லையோடு ஒப்பிட்டு "பரவாயில்லை" என்று அனுப்பிவிடுவது நடக்கிறது; எல்லை எது என்று நீங்களே பாருங்கள்.

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை. ஸ்கேன் சென்டரில் போய் "கால்சியம் ஸ்கோர்" என்று கேட்டால், இதய ரத்தக்குழாய்களின் கால்சியம் ஸ்கோரைத்தான் போட்டுத் தருவார்கள். அந்த எண்ணுக்கும் இந்த எல்லைகளுக்கும் சம்பந்தமே இல்லை. டாக்டரின் சீட்டில் "அயோர்டிக் வால்வு கால்சியம் ஸ்கோர், மருந்து இல்லாமல்" என்று இருக்க வேண்டும். தவறாகக் குழாய் ஸ்கோர் மட்டும் வந்துவிட்டாலும் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. அதே படத்தில் வால்வும் பதிவாகியிருந்தால், கணினியில் வால்வுப் பகுதியைத் தேர்ந்தெடுத்து மறுபடி கணக்கிடச் சொல்லலாம். இந்த ஸ்கோர் ஏமாற்றும் இடங்களும் உண்டு. ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய வால்விலும், இளம் வயதில் இரண்டு இதழோடு இருப்பவரிடமும் சுண்ணாம்பு குறைவு, வடுத்தசை அதிகம். ஸ்கோர் குறைவு என்று நம்பி அவர்களை அனுப்பிவிடக் கூடாது. மாற்று வால்வு வைத்தவருக்கு இந்த ஸ்கோரே பொருந்தாது.

ரத்தக்குழாய்கள் படத்தில் தெரிவதற்கான மருந்தை ஏற்றி எடுக்கும் சி.டி. வேறு வேலைக்கு. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வு வைக்கும் டாவி சிகிச்சை என்று முடிவான பிறகு, எந்த சைஸ் வால்வு, இதய ரத்தக்குழாயின் வாய் வால்விலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தொடைக் குழாய் வழிவிடுமா என்பதையெல்லாம் இது அளக்கும். சிகிச்சை முடிவாகாமல் இதை எடுத்துவைப்பதில் பயனில்லை. சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இ-ஜி.எஃப்.ஆர். டெஸ்டுகளைப் பார்த்துவிட்டே போக வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். ஆஞ்சியோவும் இதே வகை மருந்தில்தான். கோயம்புத்தூர் போவது ஒரே தடவையாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு நடுவில் சில நாள் இடைவெளி நல்லது.

மைட்ரல் வால்வுக்குக் கணக்கே வேறு

இங்கே அழுத்த வித்தியாசத்தை மட்டும் நம்பினால் மோசம் போவோம். நாடி 110 ஓடும்போது சராசரி 14 காட்டும் வால்வு, நாடி 70-க்கு இறங்கியதும் 7 காட்டலாம். நாடித்துடிப்பு எழுதாத மைட்ரல் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். முக்கியமானது பரப்பு: 1.5 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழ் கடுமை, 1.0 அல்லது அதற்குக் கீழ் மிகக் கடுமை. நல்ல வால்வு 4 முதல் 6 வரை திறக்கும்.

பரப்பை அளக்க நேர்வழி, வால்வின் வாயைக் குறுக்குவெட்டில் பிடித்து அதன் ஓரத்தைக் கோடு போட்டு அளப்பது. இதழ்களின் நுனியில் வெட்ட வேண்டும். சற்று மேலே வெட்டினால் வாய் பெரிதாகத் தெரியும். முப்பரிமாண எக்கோ உள்ள இடத்தில் இந்தப் பிழை குறையும். இன்னொரு வழி, அழுத்தம் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை மில்லிவிநாடியில் அளந்து 220-ஐ அதால் வகுப்பது. 220 வந்தால் பரப்பு 1.0; 150 வந்தால் 1.47. சுலபமான கணக்கு, ஆனால் பலூனை உள்ளே விட்டு வால்வை விரிக்கும் சிகிச்சை முடிந்த முதல் சில நாளுக்கும், அயோர்டிக் வால்வு நன்றாக ஒழுகுபவருக்கும், சுண்ணாம்பு படிந்து சுருங்கிய முதியவருக்கும் பொய் சொல்லும். இரண்டு முறையும் ஒத்துப்போகவில்லை என்றால், கோடு போட்டு அளந்ததை நம்புங்கள், அளந்தவர் கைதேர்ந்தவராக இருந்தால்.

அடுத்த கேள்வி பலூனா, ஆபரேஷனா. இதழ்களின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு, இதழ்களைக் கீழிருந்து பிடித்திருக்கும் இழைகளின் நிலை ஆகிய நான்குக்கும் தலா 1 முதல் 4 மதிப்பெண். மொத்தம் 8-உம் அதற்குக் கீழும் என்றால் பலூன் நன்றாக வேலை செய்யும். இது சாதாரண எக்கோவிலேயே தெரியும். பலூனுக்குமுன் தொண்டை வழி எக்கோவைக் கேட்பது வேறொன்றுக்கு: இடது மேலறையின் பக்கப் பையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க. நெஞ்சுக்கு மேலிருந்து எடுக்கும் எக்கோவில் அந்த மூலை சரியாகத் தெரியாது. கட்டி இருக்கும்போது பலூனை உள்ளே விட்டால் அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அதனால் இந்த இடத்தில் தொண்டை வழி எக்கோவைத் தட்டிக்கழிக்க முடியாது. கட்டி இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி இதே எக்கோ.

தொண்டை வழி எக்கோவுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு. பல்செட், ஆடும் பல் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். உணவு இறங்குவதில் சிரமம், உணவுக்குழாய் நோய், முன்பு அதில் ஆபரேஷன் ஆகியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் உணவுக்குழாய் கிழியும் ஆபத்து. தொண்டையை மரத்துப்போகச் செய்ய ஸ்பிரே அடிப்பார்கள். முடிந்ததும் பசிக்கிறது என்று காபியை வாயில் ஊற்றிவிடாதீர்கள். மரமரப்பு போக ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீர், புரையேறவில்லை என்றால் பிறகு சாப்பாடு. மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது.

ஒரு பெண்ணுக்கு மைட்ரல் பரப்பு 1.7 இருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறினாலே மூச்சு முட்டுகிறது என்றால் உடற்பயிற்சி எக்கோ. பயிற்சியின்போது சராசரி 15-ஐத் தாண்டினாலோ, நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் 60-ஐத் தாண்டினாலோ வால்வுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கு எக்கோவால் எந்தக் கெடுதலும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆஞ்சியோ, எம்.ஆர்.ஐ.

ஆஞ்சியோ பொதுவாக வால்வைப் பார்க்க அல்ல. ஆபரேஷனுக்கு முன் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க. நாற்பது தாண்டிய ஆண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள் இவர்களுக்கு அவசியம். குழாயை வால்வைத் தாண்டி உள்ளே விட்டு அழுத்தம் அளப்பது, எக்கோவும் நோயாளி சொல்வதும் ஒத்துவராத அபூர்வமான இடங்களுக்கு மட்டும். சுண்ணாம்பு படிந்த வால்வில் குழாயை நுழைப்பதில் துகள் உடைந்து மூளைக்குப் போகும் ஆபத்து இருப்பதால், எக்கோ தெளிவாக இருந்தால் வேண்டாம்.

"எக்கோல 80ன்னு போட்டிருக்கு, ஆஞ்சியோல 60ங்கிறாங்க, எதுங்க உண்மை?" என்ற கேள்வி அடிக்கடி வரும். இரண்டுமே உண்மை. எக்கோ காட்டுவது ஒரே கணத்தில் இருந்த அதிகபட்ச வித்தியாசம். ஆஞ்சியோவில் சொல்வது இதய அறையின் உச்சத்துக்கும் பெருநாடியின் உச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு உச்சமும் ஒரே கணத்தில் வருவதில்லை. சராசரியை சராசரியோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடும்.

எம்.ஆர்.ஐ.க்கு இடம் குறைவு. எக்கோ ஒலி உள்ளே போகாதவர்களுக்கு இது கைகொடுக்கும்: பஞ்சு மில்லில் காலத்தைக் கழித்து நுரையீரல் கெட்டவர்கள், பீடிக்காரர்கள், மார்புக்கூடு வளைந்தவர்கள். இதயத் தசையில் எவ்வளவு வடு விழுந்திருக்கிறது என்பதை வேறு எதைவிடவும் நன்றாகச் சொல்லும். வேகத்தை மட்டும் எக்கோவைவிடக் குறைத்தே காட்டும், எம்.ஆர்.ஐ.யில் 3.6 என்று வந்தால் எக்கோவின் 4.1-ஐத் தள்ளிவிடாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் காட்டாமல் மெஷினுக்குள் போகக் கூடாது.

உலோக வால்வு வைத்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கி, வழக்கமான 'டிக்' சத்தம் மங்கிப்போனால், ரத்தக்கட்டி பிடித்திருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை விட்டவர்களுக்கு இது வரும். தள்ளிப்போடாமல் அன்றே ஆஸ்பத்திரி. எக்கோவோடு, ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபில் மருந்து எதுவும் ஏற்றாமல் எக்ஸ்ரே வீடியோ எடுத்தால் வால்வின் இதழ் சரியாகத் திறந்து மூடுகிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். சுலபமான, மலிவான இந்த வழியை மறந்துவிட்டு சி.டி.க்கு வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

ஃபைலும் அடுத்த தேதியும்

அயோர்டிக் சுருக்கம் லேசானது என்றால் 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை, நடுத்தரம் என்றால் 1 முதல் 2 வருஷத்துக்கு ஒருமுறை, கடுமையாக இருந்தும் அறிகுறி இல்லை என்றால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. அறிகுறி புதிதாக வந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். கூடுமானவரை ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் எடுங்கள். ஒரு வருஷத்தில் வேகம் விநாடிக்கு 0.3 மீட்டருக்கு மேல் கூடியிருந்தால் நோய் வேகமாக ஓடுகிறது. ஆனால் இரண்டு தடவையும் ஒரே ஜன்னலில் அளந்திருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும்.

அச்சடித்த ரிப்போர்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எக்கோவின் வீடியோவும் டாப்ளர் அலைகளும் உள்ள டிஸ்க் அல்லது பென் டிரைவ், ஸ்கேனுக்கு முழுப் படங்களும் உள்ள டிஸ்க் கேட்டு வாங்குங்கள். ஈரோட்டில் எடுத்த படத்தைக் கோயம்புத்தூர் டாக்டர் திறந்து அந்த விட்டத்தைத் தானே அளந்து பார்த்துக்கொண்டால், மறுபடி எடுக்கச் சொல்லும் பாதி டெஸ்டுகள் தேவைப்படாது. இ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோ வைத்திருப்பவர்கள், வெளியே பணம் கட்டி சி.டி. எடுக்கும் முன் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் எது அடங்கும் என்று கேட்டுவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு பில்லைக் கொண்டுபோனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.